மாவிலை கட்டி வந்த கண்டெய்னர்

போன வருஷம் முழுக்க என் கடைக்குள் நுழைந்தவர்கள் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். யாழ்ப்பாணத்து ஆட்கள் "கல்லுப்பு வந்திட்டுதோ?" என்பார்கள். தமிழ்நாட்டு ஆட்கள் "கல்லுப்பு வந்துருச்சாக்கா?" என்பார்கள். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போனது. ஆக்லாந்து நகரத்து ஒடாஹுஹுவில் மளிகைக் கடை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உப்பு இல்லை என்று சொல்வது என்ன மாதிரியான வெட்கம் என்று கடை வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

நியூசிலாந்தில் உப்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. தெற்குத் தீவில் விளைகிறது. சூப்பர்மார்க்கெட்டில் தூள் உப்பு மலிவாகக் கிடைக்கும். கடல் உப்புக் கல்லும் கிடைக்கும், அரைக்கிற மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில், சென்ட் விற்கிற மாதிரி. அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு ஒரு பானை ஊறுகாய் போட முடியுமா? மீன் கழுவ முடியுமா? பிள்ளைக்குக் கண்ணூறு பட்டால் சுற்றிப் போட முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலே, புது வீட்டுக்குள் சாமி படத்தோடு முதலில் போக வேண்டியது கல்லுப்பு. இதே நகரத்துப் பக்குரங்காவில் வீடு வாங்கிய ஒரு பெண், கல்லுப்பு இல்லாமல் பால் காய்ச்சக் கூடாது என்று மாமியார் பிடிவாதமாக நின்றதால், பழைய வீட்டு ரென்ட்டையும் புது வீட்டு மோர்ட்கேஜையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டாம். நானும் என் வீட்டுக்குள் அப்படித்தான் போனேன்.

எங்கள் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுவந்தவர் ஒரே ஒரு மொத்த வியாபாரி. சென்னைப் பக்கத்து மனிதர், வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரிப்பு. ஆக்லாந்தில் எத்தனையோ இறக்குமதியாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் முழுக் காசும் முன்னால் கேட்பார்கள், இவர் கடனுக்குத் தருவார், அதனால் எங்களைப் போன்ற சின்னத் தமிழ்க் கடைகளின் கழுத்து அவர் கையில்தான் இருந்தது. நாங்களே இறக்கலாம் என்றால் அதுவும் முடியாது. வெளிநாட்டுக் கண்டெய்னர் ஒன்றை இங்கே நினைத்த இடத்தில் திறக்க முடியாது. பூச்சி, விதை, மண் எதுவும் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, அனுமதி பெற்ற யார்டில், பயிற்சி பெற்ற ஆள் முன்னால்தான் கதவைத் திறக்க வேண்டும். அவரிடம் அந்த யார்டு இருந்தது. எங்களிடம் கடைக்குப் பின்னால் ரெண்டு கார் நிறுத்த இடம் இருந்தது.

அந்த யார்டைக் காட்டி அவர் செய்யாத அட்டகாசம் இல்லை. கல்லுப்பு வேண்டுமா, அப்படியானால் விலை போகாத இந்த நூடுல்ஸையும் எடு. துவரம்பருப்பு வேண்டுமா, காலாவதி நெருங்கிய இந்த பிஸ்கட்டையும் எடு. வேண்டாம் என்றால் அடுத்த முறை உன் கடைக்கு மட்டும் பருப்பு "தீர்ந்து போச்சு". எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தோம். பிறகு ஒரு நாள் கல்லுப்பையே நிறுத்திவிட்டார். நேரில் போய்க் கேட்டேன்.

"கல்லுப்பு எடை ஜாஸ்தி மேடம், லாபம் கம்மி. கண்டெய்னர் பாதி ரொம்புறதுக்குள்ள வெயிட் லிமிட் வந்துடுது. தூள் உப்பு தர்றேன், அதைத் தள்ளிவிடுங்க."

"சனம் கல்லுப்புத்தான் கேக்குது."

"நாலு பக்கமும் கடல்தானே மேடம்? ஒரு வாளி அள்ளிக் காய்ச்சி வித்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். டிரைவரும் சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. கார் வரைக்கும் வந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் அவரைத் திட்டித் தீர்த்தேன். யார் காதிலும் விழவில்லை. ஆனால் அந்தக் காரில் வைத்துத்தான், இனி உப்பை நானே கொண்டுவருவேன் என்று முடிவு செய்தேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், நிதானமான மனிதர். கேட்டுவிட்டு, "உனக்கு என்ன விசரே?" என்றார். ஓம் என்றேன்.

முதலில் ஊரில், யாழ்ப்பாணத்தில், இருக்கும் என் தம்பியைக் கேட்டேன். ஆனையிறவு உப்பைக் கொண்டுவந்து இறக்கி எல்லார் வாயையும் அடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தம்பி போனிலேயே சிரித்தான். மழை பெய்து உப்பளமெல்லாம் கெட்டு, அங்கேயே இந்தியாவிலிருந்து உப்பு இறக்கிச் சாப்பிடுகிறார்களாம். ஆக, உப்பு விஷயத்தில் நாங்கள் மட்டும் கையேந்தவில்லை என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு மற்றக் கடைக்காரர்களைக் கூட்டிக் கதைத்தேன். சீட்டுப் பிடிப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம்தானே, அதே மாதிரி கண்டெய்னர் பிடிப்போம் என்றேன். ஒருவராய் ஒரு கண்டெய்னரை நிரப்ப முடியாது. எல்லாரும் சேர்ந்தால் அடியில் உப்பு, மேலே எடையில்லாத பொரி, அப்பளம், வடகம் என்று அடுக்கலாம். எடையும் மீறாது, இடமும் வீணாகாது. ஒவ்வொரு முறையும் ஒருவர் பொறுப்பு. நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். என் வீட்டு வடையும் தேத்தண்ணீரும் முடிந்ததும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். "அவருக்குத் தெரிஞ்சால் அரிசியையும் நிப்பாட்டிப் போடுவார் அக்கா" என்று வாசலில் வைத்துத்தான் உண்மை வந்தது.

மிஞ்சியவள் ஒருத்திதான். ஆக்லாந்தின் கிழக்கே பாட்டனி டவுன்ஸில் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிப் பெண். என்னைவிட நிறைய இளையவள், வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுவாள். அவளுடைய சித்தப்பா ஊரில் உப்பு வியாபாரி. லாரியில் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்புவாரே தவிர, கப்பலில் ஒரு மூட்டை கூட அனுப்பியதில்லை. "அவரு செய்வாருக்கா, நான் கேக்குறேன்" என்றாள். கேட்டாள். செய்தார்; மேலே அடுக்க அப்பளமும் வடகமும் அவரே பிடித்தார், பணத்தை நாங்கள் இருவரும் போட்டோம்.

யார்டு தேடி அலைந்தேன். கடைசியில் எங்கள் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது. டோங்கா நாட்டுப் பெண் ஒருத்தி, தீவுகளிலிருந்து சேம்பங்கிழங்கும் தேங்காயும் இறக்குகிறவள், அனுமதி பெற்ற யார்டு வைத்திருந்தாள். ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படியே. உப்பு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கிழங்குதான் அழுகும், உப்பு என்ன செய்யப் போகிறது? கொண்டு வா" என்றாள்.

இது காதில் விழுந்த வாரமே மொத்த வியாபாரி எங்கள் இரண்டு கடைகளுக்கும் சரக்கை நிறுத்திவிட்டார். அரிசி இல்லை, பருப்பு இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. என் அலமாரிகள் பல் விழுந்த வாய் மாதிரி ஆகின. இருந்ததைப் பரப்பிப் பரப்பி வைத்தேன். ஒரு வரிசைக்கு ஒரு புட்டி. வாடிக்கையாளர்கள் பாவப்பட்டு எதையாவது வாங்கிப் போனார்கள். அந்தப் பாவப் பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்டெய்னர் வந்து சேர்ந்தால் கடை பிழைக்கும், வராவிட்டால் சாவியைக் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரனிடம் கொடுத்துவிட்டு நானும் எங்காவது பேக்டரியில் நிற்க வேண்டியதுதான். நிலைமை அவ்வளவு தெளிவாக இருந்தது.

கண்டெய்னர் ஏற்றிய அன்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். வேட்டி சட்டையோடு, நெற்றி நிறைய திருநீறு. முதல் மூட்டைக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கதவின் உள்பக்கம் மாவிலைத் தோரணம். எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, இரண்டு மூடியையும் மூட்டை மேல் வைத்து, கும்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். சீல் விழுந்தது. நான் அந்த வீடியோவைப் பார்த்துக் கண் கலங்கினேன். கும்பிடுகிற கை எமோஜியை இரண்டு தரம் போட்டு அனுப்பினேன். பாட்டனிக்காரி இதயம் போட்டாள்.

விமான நிலையத்தில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலைக்காகப் பையைக் கவிழ்த்துக் கொட்டிய அனுபவம் எங்கள் இருவருக்கும் உண்டு. ஆப்பிள் ஒன்றை மறந்து கொண்டுவந்து அபராதம் கட்டியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த வீடியோவில் எங்களுக்கு இலை தெரியவில்லை, பழம் தெரியவில்லை. பூசைதான் தெரிந்தது. வேறு எந்த இனத்து வியாபாரிக்கும் இந்தக் கூத்து நடந்திருக்காது என்று இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

கண்டெய்னர் யார்டுக்கு வந்த காலையில் நாங்கள் இருவரும் பளிச்சென்று உடுத்திக்கொண்டு போனோம். டோங்காக்காரி கதவில் இருந்த சீல் பூட்டை வெட்டிக் கதவை ஒரு சாண் அளவு திறந்தாள். அழுகிய தேங்காயின் நாற்றம் முகத்தில் அடித்தது. கறுத்துச் சுருண்ட மாவிலை, ஒழுகிப் போன எலுமிச்சம்பழம், அதைச் சுற்றி எறும்பு. உயிரோடு, வரிசையாக. அவள் டமாரென்று கதவைச் சாத்தினாள்.

"அக்கா, சட்டுனு அதை மட்டும் எடுத்துப் போட்டுடச் சொல்லுங்கக்கா" என்று பாட்டனிக்காரி என் கையைப் பிடித்தாள்.

டோங்காக்காரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரல் புரிந்தது. "முடியாது" என்றாள். "எனக்கு இந்த அனுமதிதான் சோறு. நான் இப்போதே அரசாங்க அதிகாரிகளைக் கூப்பிட வேண்டும்." அவள் சொன்னது நியாயம். என் சரக்குக்காக அவள் சோற்றைப் பணயம் வைக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தால் நானும் அந்த மொத்த வியாபாரியும் ஒன்றாகியிருப்போம். கூப்பிடு என்றேன்.

அதிகாரி வந்தார். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே இலை, பழம், விதை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்து வந்த சரக்கு இது, கதவைத் திறந்தால் ஒரு தோட்டமே இருக்கிறது என்றார். மூன்று வழிகளைச் சொன்னார். அப்படியே திருப்பி அனுப்பலாம், எல்லாவற்றையும் அழித்துவிடலாம், அல்லது கண்டெய்னரை மருந்தடித்தோ சூடேற்றியோ சுத்தம் செய்து, மூட்டை மூட்டையாகப் பார்த்து விடுவிக்கலாம். அதற்குச் செலவும் நாளும் ஆகும். நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். பிறகு மெதுவாக, இதை யார், எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டார். சாமி கும்பிட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

நான் வாசலில் கிடந்த, சரக்கு அடுக்குகிற மரத்தட்டில் போய் உட்கார்ந்தேன். டோங்காக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாங்களும் ஜெபம் செய்துதான் அனுப்புவோம்" என்றாள். "ஆனால் வாயால் மட்டும்."

செய்தி பக்குரங்கா வரை போய்ச் சேர மதியச் சாப்பாட்டு நேரம் கூட ஆகவில்லை. சாயந்தரத்துக்குள் மொத்த வியாபாரியின் போன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"கேள்விப்பட்டேன் மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு. இதெல்லாம் அனுபவம் இருக்கறவங்க செய்ற வேலை. ஒண்ணும் கவலைப்படாதீங்க. கண்டெய்னரை என் பேருக்கு மாத்திக் குடுங்க, நான் க்ளியர் பண்ணிக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் அரிசி, பருப்பு நாளைக்கே அனுப்பறேன். பழையபடி போயிடலாம்."

பாட்டனிக்காரி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்தது. அவளுக்குச் சின்னப் பிள்ளைகள். கடை ரென்ட் கழுத்தில் நிற்கிறது. பழையபடி என்ற சொல் அந்த நேரத்தில் எவ்வளவு இதமாகக் கேட்டது என்று நான் மறைக்கப் போவதில்லை. எனக்கே ஒரு கணம் இதமாகத்தான் இருந்தது. அந்த இதம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. இந்த முறை பேச்சு வந்தது.

"பழையபடி எண்டால் என்ன? நீங்கள் தள்ளுற நூடுல்ஸைத் தலையில கட்டிக்கொண்டு நாங்கள் சிரிக்கிறதோ? என்ர உப்பு உங்கட யார்டுக்கு வராது. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவன், கடலுக்கை கொட்டினாலும் கொட்டுவன், உங்களுக்குத் தரமாட்டன்."

"கோபப்படாதீங்க மேடம். சாமி கும்பிட்டு ஏத்தியும் இப்படி ஆயிடுச்சேன்னுதான்..."

"கும்பிட்டது பிழையில்லை. இலையை உள்ளுக்கு விட்டதுதான் பிழை. அது எங்கட பிழை, நாங்கள் பார்த்துக்கொள்ளுறம். வையுங்கோ."

போனை வைத்தேன். "அக்கா, கடை போயிட்டா?" என்றாள் அவள். "போனால் ரெண்டு பேரும் ஒரே பேக்டரியில நிப்பம், சாப்பாட்டுப் பெட்டியை மாத்திச் சாப்பிடுவம்" என்றேன். அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளாகவே, "சூடேத்தச் சொல்லுங்கக்கா. உப்புதானே, வெயில்ல கெடந்து வெளஞ்சது, அதுக்குச் சூடு என்ன பண்ணும்?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப் பிடித்தேன்.

அன்றிரவு அவளுடைய சித்தப்பாவை அழைத்தோம். மனிதர் குரல் உடைந்து போயிருந்தது. "நல்லபடியா போயிச் சேரணும்னுதானம்மா செஞ்சேன். என்னாலதான் எல்லாம் போச்சு. இனி பூசையும் வேண்டாம், ஏற்றுமதியும் வேண்டாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் அது அவர் மேல் இல்லை. ஒரு மனிதன் தன் முதல் சரக்கைக் கும்பிட்டு அனுப்பியதற்கு வெட்கப்படுவதா? "ஐயா, அடுத்த முறையும் செய்யுங்கோ. வாசலில தேங்காய் உடையுங்கோ, லொறிச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வையுங்கோ, ஊரையே கூப்பிட்டுச் செய்யுங்கோ. கதவு சாத்த முதல் கூட்டித் துடைச்சுப் போட்டுச் சாத்துங்கோ, அவ்வளவுதான்" என்றேன். அடுத்த முறை என்ற சொல்லைத்தான் அவர் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "அடுத்த லோடு இருக்குங்கிறீங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் இந்த லோடே இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

சூடேற்றினார்கள். உப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பளத்துக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஓரங்கள் கொஞ்சம் நொறுங்கின. ஆனால் இங்குள்ள சட்டப்படி ஒவ்வொரு பையிலும் ஒட்டியிருந்த ஆங்கில ஸ்டிக்கர் எல்லாம் பசை விட்டு உதிர்ந்து கிடந்தன. அது இல்லாமல் ஒரு பை கூட விற்க முடியாது. புதிதாக அச்சடித்து, டோங்காக்காரியின் யார்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பை பையாக ஒட்டினோம். என் கணவர் பஸ் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து ஒட்டினார். எல்லாவற்றையும் கோணலாகத்தான் ஒட்டினார். டோங்காக்காரி வந்து நின்று பார்த்துவிட்டு, தானும் ஒரு கட்டு ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி கடைசி மூட்டையையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மறுநாள் கடையைத் திறந்தேன். முதலில் வந்தது பக்குரங்காப் பெண், மாமியாரோடு. மாமியார் பையைக் கையால் தூக்கிப் பார்த்து, கல்லை விரலால் நெருடி, கூடைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களை நான் எண்ணவில்லை. கடை பிழைத்தது. பாட்டனிக் கடையும் பிழைத்தது. உப்பு விற்ற காசில் வேறொரு இடத்திலிருந்து அரிசியும் பருப்பும் எடுத்தோம். அலமாரிகள் மெல்ல மெல்ல நிறைந்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். சில வாரங்களில் மொத்த வியாபாரி மறுபடியும் கல்லுப்பு இறக்கினார். எடை அதிகம், லாபம் கம்மி என்ற அதே கல்லுப்பு. எங்கள் விலைக்குக் கீழே விலை வைத்தார். கூடவே நூடுல்ஸ் எடு, பிஸ்கட் எடு என்ற பேச்சே இல்லை. வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாமாம். என் வீட்டில் வடை சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போன கடைக்காரர்கள் எல்லாரும் அவரிடம் போய் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், வழியில் என்னைக் கண்டு நின்றார்.

"நீங்கள் வீணாய்ச் சண்டை பிடிச்சனீங்கள் அக்கா. ஆள் நல்லவர்தான். பாருங்கோ, இப்ப உப்பும் தாறார், ஒரு நிபந்தனையும் இல்லை. நீங்கள் இனி ஏன் கஷ்டப்படுறியள்?"

என் உப்பு அவருடையதைவிட விலை கூட என்பது உண்மை. அதற்காகச் சிலர் என் கடையைத் தாண்டிப் போகிறார்கள் என்பதும் உண்மை. பாட்டனிக்காரி கூட ஒரு நாள், நிறுத்திவிடலாமா அக்கா என்று கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். சித்தப்பாவுக்குப் போன் போட்டு அடுத்த கண்டெய்னரை ஏற்றச் சொன்னோம்.

அந்தக் கடைக்காரருக்கு அன்று நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். "ஓம், ஆள் நல்லவர்தான். என்ர உப்பு கடலில வந்துகொண்டிருக்கிற வரைக்கும் நல்லவராய்த்தான் இருப்பார். உங்களுக்காகத்தான் நான் அதை நிப்பாட்டாமல் இருக்கிறன்."